பிடித்தலும் விடுதலும்

என் தொழிலுக்கு இயன்முறை மருத்துவம் என்று ஒரு பெயர் உண்டென்பது கள்ளக்குறிச்சிச் சுற்றுவட்டாரத்தில் இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், கச்சிராயபாளையம் சாலையில், இரண்டு கட்டில்களும் ஒரு மின்தூண்டு கருவியும் சுவரில் பதித்த ஒரு கப்பியும் மாத்திரமே ஆஸ்தியாகக் கொண்டு நான் சிகிச்சைக் கூடம் திறந்தபோது, ஜனங்கள் தாங்களாகவே எனக்கு ஒரு பட்டம் சூட்டினார்கள்: "கரண்டு வைக்கிற டாக்டர்." நான் அதை மறுத்ததில்லை. ஈரத்துணி சுற்றிய தகட்டைத் தொடையின்மேல் வைத்து விசையைத் திருப்பியதும், உடையவனுடைய சம்மதத்தைக் கேளாமலே அந்தத் தசை துள்ளிச் சுருங்குவதைக் கண்ணாரக் கண்டவர்களுக்கு, வைத்தியம் முழுவதும் அந்தக் கம்பிக்குள்ளேதான் இருக்கிறது என்று தோன்றியது இயற்கையே. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலி தேசத்துக் கால்வானி, செத்த தவளையின் கால் துடிப்பதைப் பார்த்து அடைந்த ஆச்சரியமும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். ஆனால் கம்பி சுருங்கச் செய்யுமேயன்றி, சுருங்கியதை விடுவிக்கச் செய்யாது. என் உழைப்பின் பெரும்பகுதியோ விடுவிப்பதிலேயே கழிந்தது. இதை எனக்குப் பாடப்புத்தகம் சொல்லவில்லை என்றல்ல. சொல்லியிருந்தும் நான் உணரவில்லை. கரும்பு வெட்டுகிறவர்களும் மலைவாசிகளும் ஒரு மரச்சிற்பியும் உணர்த்தினார்கள்.

தசைக்குத் தெரிந்த தொழில் ஒன்றே, அது இழுத்தல். தள்ளுவதற்குச் சரீரத்தில் எந்தத் தசைக்கும் தெரியாது. சேற்றில் அழுந்திய வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறோம் என்று சொல்லுகிறோமே, அப்பொழுதும் மேற்கையின் பின்புறத்துத் தசை முழங்கையின் முனையைத் தன்பக்கமாக இழுப்பதனாலேதான் கை நீளுகிறது. ஆகவே மடக்குவதற்கு ஒன்று, நீட்டுவதற்கு ஒன்று என்று எலும்பைப் பற்றிய தசைகள் எதிரெதிராகவே அமைந்திருக்கின்றன. நான் சிறுவனாக இருந்த காலத்தில், மரவாடியில் இரண்டு ஆட்கள் பெரிய அடிமரத்தை ரம்பத்தால் அறுப்பதை நெடுநேரம் நின்று பார்ப்பது வழக்கம். ஒருவர் குழிக்குள்ளும் ஒருவர் மரத்தின்மேலும் நிற்பார்கள். மேலே நிற்பவர் இழுக்கும்போது, கீழே நிற்பவர் பிடியை விடாமலே கையைத் தளர்த்திக் கொடுப்பார். பிறகு அவர் இழுக்க இவர் கொடுப்பார். கொடுக்க வேண்டிய கணத்தில் ஒருவர் கொடுக்காமல் நின்றுவிட்டால், ரம்பம் மரத்துக்குள் இறுகிப்போகும். நரம்பணுக்களின் செயல்களை ஆராய்ந்ததற்காக 1932-இல் நோபல் பரிசு பெற்ற ஷெரிங்டன், ஒரு தசைக்குச் சுருங்கும்படி ஆணை செல்லும் அதே கணத்தில் அதன் எதிர்த்தசைக்கு அடங்கும்படியான ஆணையும் தண்டுவடத்திலேயே பிறக்கிறது என்று காட்டியதை நான் கல்லூரியில் படித்தபோது, என் கண்முன் நின்றது அந்த மரவாடிதான்.

இழுப்பது ஒன்றே தெரிந்தது என்பது தசைக்குக் குறையென்று எண்ணவேண்டாம். கயிற்றின் முனையை எங்கே கட்டினாலும் அது இழுக்கும். நம் கல்வராயன் மலையைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு என்ற அறுவை வைத்தியர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயினால் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப்போன கைகளுக்கு மறுவாழ்வு அளித்தது இந்த ஒரு சுபாவத்தை நம்பித்தான். நரம்பு கெடாத தசை ஒன்றை எலும்போடு பிணைக்கும் நாணை அதன் பழைய இடத்திலிருந்து எடுத்து, வேலை நின்றுபோன இடத்தில் இணைப்பார். அதன்பின் வருவது எங்கள் பாடு. பயிற்சிக் காலத்தில் அப்படிப்பட்ட ஒரு கையைப் பழக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. "பழையபடி மடக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று நான் சொல்ல, அந்த மனிதர் மடக்க நினைக்க, பல ஆண்டுகளாக நகம்போல் வளைந்து கிடந்த விரல்கள் நிமிர்ந்தன. அவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொருவருடைய கையைப் பார்ப்பது போல இருந்தது அவர் பார்வை.

இனி, அந்த இழுப்பு எங்ஙனம் நிகழ்கிறது என்பது. எலும்பைப் பற்றிய தசையில் ஓர் இழையை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தால், கருமையும் வெண்மையுமாக மாறிமாறி வரும் குறுக்கு வரிகள் தெரியும். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏறக்குறைய 400 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மையோசின் என்ற தடித்த இழைகளும் ஆக்டின் என்ற மெல்லிய இழைகளும் ஒன்றினிடையே ஒன்று புகுந்து கிடக்கின்றன. தசை குறுகுகிறதே, எந்த இழை குறுகுகிறது என்று நெடுங்காலம் தேடினார்கள். எந்த இழையும் குறுகவில்லை என்பதே விடை. கிணற்றில் நீர் சேந்துகிறவரை நினைத்துப் பாருங்கள். தாம்புக்கயிற்றின் நீளம் குறைவதில்லை. கைகளின் நீளமும் குறைவதில்லை. ஆயினும் வாளிக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் குறைந்துகொண்டே வருகிறது. மையோசினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் எண்ணற்ற சிறு தலைகள் ஆக்டினைப் பற்றி, இழுத்து, விட்டு, சற்று முன்னே நகர்ந்து மறுபடியும் பற்றுகின்றன. இதை 1954-ஆம் ஆண்டு மே மாதத்தில், 'நேச்சர்' என்ற பத்திரிகையின் ஒரே இதழில், உறவினரல்லாத இரண்டு ஹக்ஸ்லிகள் தனித்தனியே வெளியிட்டார்கள்: ஆண்ட்ரூ ஹக்ஸ்லி நீடர்கெர்கேயுடனும், ஹியூ ஹக்ஸ்லி ஜீன் ஹான்சன் அம்மையாருடனும் சேர்ந்து. அதே 1954-இல்தான் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணுக்கு மூலப்பொருளான கொலாஜன் மூன்று இழைகள் கூடிய சுருள் என்று கண்டு சொன்னார்கள். இழுக்கும் கையின் ரகசியம் மேல்நாட்டவராலும், இழுபடும் கயிற்றின் ரகசியம் கிண்டியில் உழைத்தவர்களாலும் ஒரே வருஷத்தில் வெளிப்பட்டன என்பதை நினைக்குந்தோறும் எனக்கு உள்ளம் நிறைகிறது.

சேந்துகிறவருக்குக் கூலி வேண்டுமல்லவா? அந்தக் கூலி ஏ.டி.பி. என்ற பொருள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று கடல் கடந்து சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் ஃபிஸ்க்கோடு சேர்ந்து 1929-இல் அதைத் தசையிலிருந்து பிரித்தறிந்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமானும் கண்டார். பிடித்து இழுப்பதற்குத்தான் கூலி என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படியல்ல. இழுத்து முடித்த தலை, புதிய ஏ.டி.பி. ஒன்று வந்து பொருந்தினாலன்றி ஆக்டினை விடாது. விட்டபின்னரே அந்த ஏ.டி.பி. சிதைந்து, தலையை அடுத்த இழுப்புக்கு நிமிர்த்தி வைக்கிறது. நரம்பின் ஆணை வந்ததும் கால்சியம் இழைகளினிடையே பரவ, அதனால்தான் பிடி தொடங்குகிறது. அந்தக் கால்சியத்தைத் திரும்ப வாரிப் பைக்குள் சேர்ப்பதற்கும் தனியே கூலி உண்டு. ஆக, தளர்ந்து கிடப்பது சும்மா கிடப்பதன்று. உடல் உழைத்துச் சம்பாதித்த நிலை அது.

என் தந்தையார் காலமான இரவில் இதைப் பிரத்தியட்சமாகக் கண்டேன். மூச்சு அடங்கியதும் நாங்களெல்லாம் அழுதுகொண்டு நிற்க, அத்தை ஒருத்தி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வேட்டிக் கரையைக் கிழித்து, மோவாயைச் சேர்த்துத் தலையோடு கட்டினாள். கண்ணிமைகளைத் தடவி மூடினாள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் இணைத்து முடிபோட்டாள். "வெறச்சிப் போறதுக்குள்ள கட்டிடணும்டா, அப்புறம் நாம சொன்னபடி கேக்காது" என்றாள். உயிர் போனபின் கால்சியம் கட்டுக்கடங்காமல் கசிகிறது, விடுவிக்க ஏ.டி.பி. இல்லை, பிடித்த தலைகள் பிடித்தபடியே நின்றுவிடுகின்றன. இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையில் தொடங்கும் அந்த விறைப்பு, தசையின் புரதங்களே சிதையத் தொடங்கும் மட்டும் நீங்குவதில்லை. அத்தைக்கு இந்த ரசாயனம் தெரியாது. ஆனால் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்பது மிகத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் என் கூடத்துத் திண்ணையில் கரும்பு வெட்டுகிறவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். விடிவதற்கு முன்னே வயலில் இறங்கி, குனிந்த இடுப்பு நிமிராமல் அடிக்கரும்பை வெட்டி, சோகை உரித்து, கட்டாகக் கட்டி, அந்தக் கட்டைத் தலையில் சுமந்து சாய்த்து வைத்த பலகையின்மேல் ஏறி லாரியில் அடுக்குகிறவர்கள் அவர்கள். பலகை ஏறும்போது முழுப்பாரமும் முன்னங்காலின்மேல் நிற்பதனால், கெண்டைக்காலுக்கு ஓய்வென்பதே இல்லை. இரவில் படுத்ததும் அந்தக் கெண்டை சுருண்டு கல்லாகும். "நரம்பு சுண்டி இழுக்குது" என்பார்கள். "கொரக்களி புடிச்சிக்கிச்சு" என்பார்கள் வயதானவர்கள். நூல்களில் குரக்குவலி என்று காணப்படும் சொல் இதுவே. சுண்டுவது நரம்பன்று, தசைதான். எனினும் அவர்கள் சொல்லுவதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஏனெனில் களைத்த தசைக்கு ஓயாமல் ஆணை அனுப்பிக்கொண்டே இருப்பது நரம்புதான்.

ஒருநாள் மாலை திண்ணையிலேயே ஓர் அம்மாளுக்கு அது வந்துவிட்டது. புடவையைச் சற்று ஒதுக்கிப் பார்த்தபோது, தோலுக்கடியில் தசை ஒரு பக்கமாகத் திரண்டு, உள்ளே ஏதோ பிராணி நெளிவதுபோல அசைந்தது. கூட வந்தவர்கள் அதைக் கையால் அழுத்திப் பிசையத் தொடங்கினார்கள். நான் அவர்களை விலக்கிவிட்டு, முழங்காலை நீட்டச் செய்து, பாதத்தை என் உள்ளங்கையில் தாங்கி, "விரலை முகத்துப் பக்கமா நீங்களே இழுங்கம்மா; நான் இழுக்கமாட்டேன், கூடவே வரேன்" என்றேன். பாதத்தைத் தூக்கும் தசை முன்புறத்தில் இருக்கிறது. அது இழுக்க இழுக்க, மரவாடியில் எதிரே நின்றவர் கொடுத்ததுபோல, கெண்டைக்காலுக்கு அடங்கும்படி ஆணை பிறக்கிறது. மூன்று மூச்சு விடும் நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு கல் மெல்ல மெழுகாயிற்று. அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "நாளைக்கு வேலைக்குப் போலாமா?" என்பது. வேண்டாம் என்று சொல்லுவதற்கு எனக்கு வைத்திய நியாயம் இருந்தது. அவள் கூலியை ஈடுசெய்ய வழியில்லை. படுக்கும் முன்னர் சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாய்ந்து நிற்கும்படி கற்றுக்கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பின் இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு பருவத்திலும் அதையே கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிடிப்பதற்கும் விடுவதற்கும் இடைப்பட்ட ஒரு நிலை உண்டு. அதை எனக்குக் கற்பித்தது கல்வராயன் மலை. நடக்க இயலாத குழந்தைகளைப் பார்ப்பதற்காக வெள்ளிமலைக்கு அப்பாலிருந்த ஒரு சிற்றூரில் முகாம் நடந்தது. போகும்போது வண்டியில் போனோம். திரும்பும்போது மழையினால் பாதை அடைபட, மலையாளி இனத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர், சந்தைக்குக் கடுக்காய் மூட்டை கொண்டுபோகிறவர், எங்களை ஒற்றையடிப் பாதையில் கோமுகி அணைப்பக்கமாக இறக்கி அழைத்து வந்தார். "ஏறுறது மூச்சுக்குக் கஷ்டம் சாமி, எறங்குறதுதான் தொடைக்குக் கஷ்டம்" என்று அவர் புறப்படும்போதே சொன்னார். இறங்குவது எளிது என்று நம்பியிருந்த நான் அந்தச் சொல்லைப் பொருட்படுத்தவில்லை. மூன்று மணி நேரம் இறங்கினோம். அன்று களைப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் தொடையைத் தொட முடியவில்லை. இரண்டாம் நாள் படி இறங்குவதற்குச் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போது அதே தசை, உடல் பள்ளத்தில் சரிந்துவிடாமல், பிடித்தபடியே நீண்டு கொடுக்கிறது. நிறைகுடத்தைக் கயிற்றில் கட்டி மெல்ல மெல்லக் கிணற்றுக்குள் இறக்குகிறவருடைய உள்ளங்கையில் கயிறு உராய்ந்து செல்வதைப்போல. அதற்குச் செலவாகும் எரிபொருள் குறைவு. ஆனால் உராய்வில் இழைகள் நுண்ணிதாக அறுபடுகின்றன. வலி அன்றைக்கு வராமல் மறுநாளும் அதற்கு மறுநாளும் வருவது, அறுபட்ட இடத்தைச் செப்பனிடும் வேலையால். ஒருமுறை அப்படி அறுபட்டுத் தேறிய தசை, சில வாரங்களுக்கு அதே வேலையில் எளிதில் அறுபடுவதில்லை. வாழ்நாள் முழுவதும் ஏறியிறங்கிய அந்த முதியவர் முதுகில் மூட்டையோடு எங்களுக்கு முன்னே இறங்கிப் போனாரே, அவருடைய முழங்கால் ஒரு தடவைகூட முழுவதும் நிமிரவில்லை. பாதம் பதியும்போதெல்லாம் சற்றே மடங்கி, பாரத்தை வாங்கி, மெதுவாக விட்டது. அந்த நடையை நான் பின்பு முழங்கால் நோயாளிகள் பலருக்குப் பாடமாக வைத்தேன்.

இதுவரை சொன்னது நம் விருப்பத்துக்கு அடங்கிய தசையைப் பற்றியே. சரீரத்தில் இன்னும் இரண்டு வகைத் தசைகள் இருக்கின்றன; என் கை அவற்றைத் தொடுவதில்லை. இதயத்தசை வரிகளுடையது, ஆனால் நம் ஆணைக்குக் காத்திராதது. அதன் கிளைவிட்ட இழைகள் ஒன்றோடொன்று கோத்திருப்பதனால் ஒன்று துடிக்க எல்லாம் துடிக்கின்றன. குடல், இரத்தக்குழாய், கருப்பை இவற்றின் சுவர்களில் இருப்பது வரியற்ற மென்தசை. மெதுவாகச் சுருங்கும், மிகச் சிறிய செலவில் நெடுநேரம் பிடித்திருக்கும். இவை இரண்டும் பிடிப்பதைப் போலவே விடுவதையும் நன்றாக அறிந்தவை. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கும் இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் சுருங்கும் நேரத்தைவிடத் தளர்ந்திருக்கும் நேரமே அதிகம். தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும்போதே பெற்றுக்கொள்கிறது. ஒரு துடிப்பு முடியும் வரையில் மறு ஆணையை ஏற்காத சுபாவம் அதற்கு இருப்பதனால், கெண்டைக்காலைப்போல் அதற்குக் குரக்கு வருவதில்லை.

கருப்பையைப் பற்றிய பாடத்தை, மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் காத்திருந்த ஓர் இரவில் கேட்டேன். தூளி கட்டித் தூக்கிவரப்பட்ட ஒரு பெண் உள்ளே பிரசவ வேதனையில் இருந்தாள். அவளுடைய தாயார் பதறிப்போய், "வலி நிக்குதே, நிக்குதே" என்று கேட்க, கிராம செவிலியர், "விட்டு விட்டுத்தாம்மா வரணும். விடாம புடிச்சாத்தான் பயம். விடுற நேரத்துலதான் புள்ளைக்கு ரத்தம் போவும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த சரீர சாஸ்திரத்தை, இருட்டில் மலைக்காற்று வீசும் திண்ணையில் உட்கார்ந்து, நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். விடியும்போது குழந்தை அழுதது.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம், புளியமரத்திலிருந்து விழுந்து முழங்கை அடிபட்டு, கட்டு அவிழ்த்த பின் கை நீளாமற்போன ஒரு சிறுவனை அழைத்து வந்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கை நீளவேண்டும் என்று அவன் தகப்பனார் விரும்பினார். என் திறமையைக் காட்ட நானும் விரும்பினேன். அவன் அழ அழ, தினந்தோறும் பலவந்தமாக நீட்டினேன். மூன்று வாரத்தில் கை முன்னிலும் இறுகிற்று. ஊடுகதிர்ப் படத்தில், மேற்கைத் தசைக்குள்ளே, மேகத்துணுக்கு போல, எலும்பு படரத் தொடங்கியிருந்தது. புண்பட்ட தசையைப் பலவந்தப்படுத்தினால் அது எலும்பாகி எதிர்க்கும் என்று படித்திருந்தும் செய்தேன். அவனை மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் ஓய்வாக வைத்திருந்து, பிறகு அவனே அசைக்கும் அளவுக்கு மட்டும் அசைக்கச் செய்தோம். கை பெரும்பாலும் திரும்பியது, முழுவதும் திரும்பவில்லை. அதன்பின் எந்தக் கையையும் நான் வென்று நீட்டியதில்லை.

கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் உளி பிடித்த ஓர் ஆசாரியார், அதற்கு முன்னரே பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து என்னிடம் வந்தார். முதலில் துவண்டு கிடந்த கை, இரண்டாம் மாதத்தில் இறுகத் தொடங்கியது. மூளையிலிருந்து இறங்கிவரும் அடக்கும் ஆணை அறுந்துபோனதனால், மடக்கும் தசைகள் தம்மிச்சையாகப் பிடித்துக்கொண்டன; கட்டைவிரலை உள்ளே வைத்துக் கை முஷ்டியாய் மூடிற்று. ஊரார் அதை நல்ல சகுனமாகக் கருதி, "பலம் வந்துருச்சு" என்று மகிழ்ந்தார்கள். உளியை அந்த முஷ்டிக்குள் செருகினால், என்னால்கூடப் பிடுங்க முடியாதபடி பிடித்திருப்பார். அவர் ஒருவர் மட்டும் மகிழவில்லை. உளி பிடிப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை: ஒவ்வொரு அடிக்கும் ஒரு கணம் தளர்த்தி, முனையை மயிரிழை திருப்பி, மறுபடி பிடிக்கவேண்டும். "வுட முடியலன்னா இது கையில்ல டாக்டர், கொறடு" என்றார்.

நாள்தோறும் காலையில் அவர் வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போவேன். வாகைக் கட்டைகளின் வாசனையும், பாதி செதுக்கிய பிள்ளையார் ஒருவரும் அங்கே இருந்தார்கள். கையை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, மணிக்கட்டை உள்வாட்டமாக மடக்குவேன். அப்பொழுது விரல்களின் நாண்கள் சற்றுத் தொய்யும். அடியிலிருந்து கட்டைவிரலை முதலில் வெளியே எடுப்பேன். விரல் நுனியைப் பற்றி இழுத்தால் முஷ்டி இன்னும் இறுகும். பிறகு ஒவ்வொரு விரலாக, மிக மிக மெதுவாக. விரைந்தால் தசை திடுக்கிட்டுச் சுருங்கும். விரிந்த உள்ளங்கையைப் பலகையின்மேல் ஊன்றி, உடற்பாரத்தை அதன்மேல் சாய்த்து உட்காரச் செய்வேன். ஐந்து மாதம் இப்படியே சென்றது. பிறகு, நான் திறந்து வைத்த கையை மூடாமல் வைத்திருக்கக் கற்றார்; அதன்பின், தாமே திறக்க முயன்றார். முயன்றால் மூடிற்று. நீட்டும் தசைக்கு அனுப்பும் ஆணையை மடக்கும் தசையும் சேர்ந்து வாங்கிக்கொண்டது.

ஏழாம் மாதத்தில் ஒரு காலை, நான் போவதற்கு முன்பே அவர் பட்டறைப் பலகையின் முன் உட்கார்ந்திருந்தார். வலக்கையில் ஒரு சிறிய உளி இருந்தது, இடக்கையால் செருகிக்கொண்டாராம். கொட்டாப்புளியை எடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் உளியோடு கையை நீட்டினார். வாங்கிக்கொள்ளத் தோன்றிற்று; வாங்கவில்லை. உளிக்குக் கீழே என் கையை விரித்து வைத்து, "நான் அவசரப்படலை ஐயா" என்றேன். அவர் மூச்சை வெளியே விட்டார். நெற்றியில் நரம்பு புடைத்தது. முஷ்டி இன்னும் இறுகியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். சுண்டுவிரல் முதலில் அசைந்து, மடங்கிய இடத்திலிருந்து நெல்லளவு விலகிற்று. பிறகு மோதிரவிரல். நடுவிரல் இரண்டு தடவை திரும்பிப்போய் மூன்றாம் தடவை வந்தது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் மாத்திரம் உளியின் பிடியைப் பற்றியிருந்தன, சிற்பிகள் நுணுக்க வேலையில் பற்றுவதைப்போலவே. அப்படியே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று எனக்கு ஞாபகமில்லை. உளி என் உள்ளங்கைக்குள் வந்து விழுந்தபோது, அதன் பிடி வியர்வையில் நனைந்து, சூடாக இருந்தது.